லிப்ரே ஆபிஸ்: பத்து ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

கும்பகோணத்தில் கல்லூரிக்குப் போகும் வழியில், எட்டடிக்குப் பன்னிரண்டடி இடத்தில் ஒரு தட்டச்சு நகலகம் வைத்திருக்கிறேன். முனைவர் பட்ட ஆய்வேடு, தாலுகா அலுவலக மனு, கும்பாபிஷேகப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஒரே மேசைக்கு வரும். 2015-இல், அதாவது மகாமகத்துக்கு முந்தைய ஆண்டு, பழைய கணினி உயிரை விட்டது. புதியதை வாங்கிய பிறகு அலுவலகச் செயலிக்கு உரிமம் வாங்கக் கையில் காசில்லை. கணினியைக் கொண்டுவந்து வைத்தவர், "நானே ஒன்று போட்டுத் தருகிறேன் அக்கா, ஊரே அதைத்தான் போட்டிருக்கிறது" என்று ஒரு திருட்டுப் பிரதியை எடுத்தார். பொறியியல் படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகன் குறுக்கே விழுந்து தடுத்து, காசில்லாமல் கிடைக்கிற லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலகச் செயலியை நிறுவிவிட்டுப் போனான். நேர்மையெல்லாம் காரணமில்லை. அவனுக்கு அந்த ஆளைப் பிடிக்காது.

அன்று முதல் இன்றுவரை கடையில் அதுதான் ஓடுகிறது. வரன் பார்ப்பவர்கள் பையனோடு நிற்காமல் வீட்டையும் விசாரிப்பார்கள் இல்லையா, இந்த மதிப்புரையும் அப்படித்தான். செயலியைப் பற்றிக் கொஞ்சம், அதைச் செய்கிற வீட்டைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லப்போகிறேன். ஏனென்றால் பத்து ஆண்டில் என்னைக் குழப்பியதும் கோபப்படுத்தியதும் பிறகு வெட்கப்பட வைத்ததும் அந்த வீட்டு விவகாரம்தான்.

முதலில் செயலி. அதில் எழுதுவதற்கான பிரிவு ரைட்டர்; அதில் முந்நூறு பக்க ஆய்வேட்டை அடிப்பது எனக்கு இன்று சோறு வடிப்பது போல. தலைப்புகளுக்குப் பாணி அமைத்துவிட்டால் பொருளடக்கம் தானே உருவாகும். நெறியாளர் மூன்றாம் இயலைத் தூக்கி ஐந்தாம் இயலுக்குப் பின்னால் வைக்கச் சொன்னாலும் பக்க எண்ணும் அடிக்குறிப்பு எண்ணும் கூடவே நகர்ந்துகொள்ளும். பிடிஎஃப் ஆக்குவதற்கு வேறு மென்பொருள் தேவையில்லை; எழுத்துருவை உள்ளே பொதித்தே கொடுக்கும். கல்யாண சீசனில், கணக்கு அட்டவணைப் பிரிவான கால்க்கில் முகவரிப் பட்டியலைப் போட்டு, மெயில் மெர்ஜ் வழியாக நானூறு உறைகளை ஒரே மூச்சில் அச்சடிக்கிறேன்.

தமிழுக்கு நடந்த பெரிய நல்லது 2017 பிப்ரவரியில் வந்த 5.3 பதிப்பு. அதற்கு முன் விண்டோசில் ஒரு கருவி, மேக்கில் ஒரு கருவி என்று ஒவ்வோர் இயங்குதளத்திலும் வெவ்வேறு கருவி எழுத்துகளைக் கோத்தது. 5.3-இலிருந்து எல்லாவற்றிலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே கருவி. கொம்பும் காலும் எங்கே உட்கார வேண்டும் என்பதை எல்லாக் கணினியும் ஒரே மாதிரி முடிவுசெய்யத் தொடங்கின. என் கடையில் ஒரு கணினி விண்டோஸ், மற்றொன்று லினக்ஸ். ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் திறந்தால் இப்போது அதே இடத்தில் வரி மடிகிறது. பக்கக் கணக்கில் காசு வாங்கும் எனக்கு இது சாதாரண விஷயமில்லை.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற ஒரு படியையும் சொல்லிவிடுகிறேன். லிப்ரே ஆபிஸ் தமிழை அரபி, இந்தி போன்றவற்றோடு சேர்த்துச் சிக்கலான எழுத்து வரிசை என்று தனிக் கூட்டமாக வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, இதற்கு ஓர் எழுத்துரு, அளவும் தனித்தனி. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, "ஏன் மாறவில்லை" என்று திகைப்பார்கள். பாணியில் இரண்டு இடத்திலும் ஒரே எழுத்துருவைக் கொடுத்துவிட்டால் தலைவலி தீர்ந்தது. நான்கு வண்ண அச்சுக்குக் கோப்பு தயாரிக்க இது உதவாது. அதற்கு வேறு செயலி வேண்டும். தமிழ்ச் சொற்பிழை பார்ப்பதற்கும் இதை நம்பி உட்கார முடியாது. 'போயிருக்கவேண்டியதில்லை' என்று ஒரே மூச்சில் ஒட்டி எழுதுகிற மொழிக்கு வெறும் சொற்பட்டியல் எந்த மூலைக்கு? அந்த வேலைக்கு என்னிடம் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார், காபி தனி.

இனி என் வெட்கக் கதை. ஒரு கோயில் மலர். மலர்க் குழுவினர் கடைசி நாளில் வந்து, எல்லா 'ஸ்ரீ'யையும் 'திரு' ஆக்கச் சொன்னார்கள். தேடி மாற்று என்று கொடுத்தேன். பாதிதான் மாறியது. கண்ணுக்கு எதிரே 'ஸ்ரீ' நிற்கிறது, தேடினால் இல்லை என்கிறது. இரவு பதினொரு மணிக்கு, லிப்ரே ஆபிஸின் பிழைகளைப் பதியும் இணையதளத்துக்குப் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தேன். இத்தனை கோடிப் பேர் பயன்படுத்துகிற செயலியில் தேடுதல்கூட வேலை செய்யாதா, தமிழ் என்றால் இளக்காரமா, எப்போது சரிசெய்வீர்கள் என்று கேட்டேன். பதிப்பு எண் கொடுக்கவில்லை. எழுத்துரு எது என்று சொல்லவில்லை. மாதிரிக் கோப்பும் இணைக்கவில்லை.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. எழுதியவர் ஐரோப்பாவில் இருக்கும் ஒரு தன்னார்வலர். ஒரு தமிழ் எழுத்தும் படிக்கத் தெரியாதவர். பொறுமையாகக் கோப்பைக் கேட்டு வாங்கினார். இரண்டு 'ஸ்ரீ'களைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் கர்சரை வைத்து, ஆல்ட் விசையோடு எக்ஸ் விசையை அழுத்திப் பார்க்கச் சொன்னார். அழுத்தினால் எழுத்து தன் குறியெண்களாக விரிகிறது. அப்போதுதான் தெரிந்தது, ஒன்று ஸ, புள்ளி, ரீ. மற்றொன்று ஶ, புள்ளி, ரீ. இந்த இரண்டாம் ஶ, எழுத்துக்கு எழுத்து எண் கொடுக்கும் உலகப் பொதுப் பட்டியலான யுனிகோடில் 2005-இல்தான் சேர்ந்தது. பழைய தட்டச்சுக் கருவிகள் முதல் வகையில் அடிக்கின்றன, புதியவை சில இரண்டாம் வகையில். எழுத்துருவோ இரண்டையும் ஒரே உருவமாகக் காட்டிவிடுகிறது. மலரில் பாதியை அடித்தது நான், பாதி குழுவினர் கைப்பேசியிலிருந்து அனுப்பியது. செயலியில் தவறே இல்லை. என் புகார் 'பிழையன்று' என்ற முத்திரையோடு மூடப்பட்டது. அவர் கடைசியில் எழுதியிருந்த வரி, இனி வருபவர்களுக்கு இந்த விளக்கம் பயன்படும், நன்றி என்பது. என் ஆங்கிலத்தைப் படித்துவிட்டும் நன்றி சொன்னாரே என்று அன்று முழுவதும் மனம் உறுத்தியது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இந்த மாட்டைப் பொறுத்தவரை பல்லைப் பார்ப்பதும் ஒரு பங்களிப்புதான். பார்த்ததை ஒழுங்காகச் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எதை அழுத்தினால் என்ன ஆகிறது, மாதிரிக் கோப்பு. என் கடையில் ஒரு மனு எழுத வருபவரிடம் நான் சர்வே எண் கேட்பதில்லையா?

அந்த உறுத்தலில்தான் இந்த வீட்டை விசாரிக்கத் தொடங்கினேன். பூர்வீகம் ஜெர்மனி. ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனம் செய்த ஸ்டார் ஆபிஸ் தொகுப்பை 1999-இல் அமெரிக்காவின் சன் நிறுவனம் வாங்கியது. 2000-இல் அதன் மூலநிரலை, அதாவது செயலியை ஆக்குகிற கட்டளைகளை, வெளியிட்டு, ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரில் எல்லோரையும் கைகொடுக்க அழைத்தது. ஆனால் கைகொடுப்பவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எழுதிய நிரலின் காப்புரிமையில் சன்னுக்கும் கூட்டு உரிமை. நம் ஊர்க் கணக்கில் கூட்டுப் பட்டா. பெயர் இரண்டு பேருடையது, ஆனால் மொத்த நிலத்தையும் எந்த நிபந்தனையில் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் ஒருவர்தான் இருப்பார். இந்தப் பட்டா பிடிக்காதவர்கள் தங்கள் திருத்தங்களைத் தனியே ஒரு கட்டாக வைத்துக்கொண்டார்கள். நோவெல் நிறுவனத்தார் துணையோடு அப்படி ஒரு தனிப் பதிப்பே ஓடியது.

2010 ஜனவரியில் சன்னை ஆரக்கிள் வாங்கியது. வீட்டுக்காரர் மாறினால் குடியிருப்பவருக்கு வயிறு கலங்கும். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று பங்களிப்பாளர்களில் ஒரு பெரிய பகுதியினர் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையை அறிவித்து, நிரலின் நகலோடு வெளியேறினார்கள். பெயர் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டதால் புதிய பெயர் லிப்ரே ஆபிஸ். ஓப்பன் ஆபிஸின் சமூகச் சபையில் இருந்துகொண்டே இதில் சேர்ந்தவர்களை ஆரக்கிள் விலகச் சொன்னது. ஜெர்மன் சட்டப்படி அறக்கட்டளை அமைக்க மூலதனம் வேண்டும். 2011 பிப்ரவரியில் 50,000 யூரோ கேட்டுப் பொதுமக்கள் முன் கைநீட்டினார்கள். எட்டே நாளில் சேர்ந்துவிட்டது. ஓப்பன் ஆபிஸை ஆரக்கிள் அதே ஆண்டு அப்பாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டது. அதன் 4.1 பதிப்பு 2014-இல் வந்தது, பிறகு சின்னச் சின்னத் திருத்தங்கள்தாம். இன்றும் பழக்கதோஷத்தில் அந்தப் பெயரைத் தேடி இறக்கிக்கொண்டு வரும் மாணவர்களைப் பார்க்கிறேன். பெயருக்கு இருக்கிற ஆயுள் ஆளுக்கு இருப்பதில்லை.

லிப்ரே ஆபிஸில் பட்டா வேலை இல்லை. என் பங்களிப்பை இன்ன இன்ன உரிமங்களில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரே வரி மின்னஞ்சல் போதும். எழுதியது எழுதியவருடையதாகவே இருக்கும். நிர்வாகக் குழுவில் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் விதி வைத்திருக்கிறார்கள். தொடர்ந்து வேலை செய்கிறவர் உறுப்பினராகி அந்தக் குழுவுக்கு வாக்களிக்கலாம். மொழிபெயர்ப்பும் வேலைதான்.

அதைப் படித்துவிட்டுத்தான் நானும் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். இரவு கடையை மூடிய பிறகு ஒரு மணி நேரம். எளிது என்று நினைத்தது என் அறியாமை. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லிலும் ஏதாவது ஓர் எழுத்துக்கு முன் அலைக்குறியோ அடிக்கோடோ ஒட்டியிருக்கும்; அந்த எழுத்துதான் குறுக்குவிசை. தமிழில் மூன்று விசை தட்டிப் பெறுகிற எழுத்துக்கு முன் அதை வைத்து யாருக்கு என்ன லாபம்? வாக்கியத்தின் நடுவில் விழுக்காட்டுக் குறியும் ஓர் எண்ணும் இருக்கும். கோப்பின் பெயர் அங்கே வந்து உட்காரும். ஆங்கிலத்தில் அது எங்கே வேண்டுமானாலும் நிற்கும். தமிழில் வேற்றுமை உருபை எதோடு ஒட்டுவது? கடைசியில் 'என்ற கோப்பை' என்று பின்னால் ஒரு வாலைச் சேர்த்துச் சமாளிக்கக் கற்றேன். படத்தை ஒரு பத்தியோடு கட்டி நிறுத்துவதற்கு ஆங்கிலத்தில் கப்பல் நங்கூரத்தின் பெயர். 'நங்கூரம்' வேண்டாம், கட்டு என்றே சொல்லலாம் என்று நான் வாதாடினேன். பொத்தானில் இருக்கும் சின்னப் படமே நங்கூரமாக இருக்கும்போது என் வாதம் எடுபடவில்லை. காவிரியில் தண்ணீர் வந்தாலே கொண்டாடுகிற ஊரில் இருந்துகொண்டு நங்கூரத்தோடு சண்டை போட்டேன்.

2020 ஜூலையில் ஊரடங்கு. கடை பூட்டியே கிடந்தது. 7.0 பதிப்பின் முன்னோட்டத்தை நிறுவினேன். திறந்தால் பெயருக்குக் கீழே 'தனிநபர் பதிப்பு' என்று ஒரு பட்டம்! எனக்கு எரிந்தது. இதென்ன, நாளைக்குக் கடைக்கு வைத்திருப்பவர் காசு கட்டு என்பார்களா? ராத்திரி ராத்திரியாக நங்கூரத்தோடு மல்லுக்கட்டியது இதற்குத்தானா? என்னைப் போலப் பல நாட்டிலும் கத்தியிருக்கிறார்கள். உரிமத்தில் எந்த மாற்றமும் இல்லை, யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று நிர்வாகக் குழு விளக்கம் கொடுத்தது. ஆகஸ்டில் வந்த 7.0-இல் அந்தப் பட்டம் இல்லை. 2021 பிப்ரவரியில் வந்த 7.1-இல் 'சமூகப் பதிப்பு' என்ற பெயர் வந்தது.

பட்டம் ஏன் வந்தது என்று ஆற அமர விசாரித்தபோது சூடு தணிந்தது. நிரலில் சேரும் மாற்றங்களில் பெரும்பகுதி என்னைப் போன்ற ராத்திரிக் கூலிகளுடையது அன்று. கொலாபோரா போன்ற சில நிறுவனங்களில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பொறியாளர்களுடையது. லினக்ஸ் வெளியிடும் சூசே நிறுவனத்தின் லிப்ரே ஆபிஸ் பொறியாளர்கள் 2013-இல் கொலாபோராவுக்கு மாறினார்கள். ரெட் ஹாட் 2023-இல், தன் லினக்ஸின் வருங்காலப் பதிப்புகளில் லிப்ரே ஆபிஸ் தொகுப்பைத் தான் பராமரிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டது. இந்தச் சம்பளம் எங்கிருந்து வரும்? பெரிய அலுவலகங்கள் ஆதரவுச் சேவைக்குக் காசு கட்டினால்தான். ஆனால் பொதுவில் கிடைப்பதை ஆயிரக்கணக்கான கணினிகளில் நிறுவிக்கொண்டு ஒரு காசும் கொடுக்காமல் இருக்கிற அலுவலகங்கள்தாம் நிறைய. அந்தப் பட்டம் என்னைப் பார்த்துச் சொன்னதன்று. அவர்களைப் பார்த்து, "ஐயா, நீங்கள் தனிநபரா?" என்று கேட்டது. கேட்ட விதம்தான் தப்பு. வேலை செய்கிறவர்களிடம் சொல்லாமல் பந்தியில் இலையை மாற்றிப் போட்டால் யாருக்கும் கோபம் வரும்.

அதன் விளைவும் சும்மா போகவில்லை. உலாவியிலேயே ஆவணத்தைத் திருத்தும் ஆன்லைன் பிரிவில் பெரும்பகுதி உழைப்பு கொலாபோராவுடையது. அதே 2020-இல் அவர்கள் அந்த நிரலை அறக்கட்டளையின் இடத்திலிருந்து தங்கள் இடத்துக்கு எடுத்துச் சென்றார்கள். நிரல் திறந்தே இருக்கிறது, சட்டப்படி குற்றமில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் சம்பளம் கொடுப்பது நானா என்று கேட்டால் பதிலும் இல்லை.

இந்த ஊர்க்காரர் ஒருவர், பெயர் வேண்டாம், ஒரு தனியார் கல்லூரிக் கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறார். அறுபது கணினி, அறுபதிலும் இதே செயலி. ஒரு நாள் இரவு ஒன்பதரைக்கு அழைத்தார். பக்கத்து அலுவலகத்திலிருந்து வந்த ஒரு படிவத்தில் கட்டங்கள் கலைந்திருக்கின்றனவாம். "அவர்கள் எப்போது சரிசெய்வார்கள் அம்மா?" என்றார். யார் அவர்கள் என்றேன். "இதைச் செய்கிறவர்கள்தான்." பிழை பதிந்தீர்களா? இல்லை. படிவத்தை அனுப்புங்கள், நான் பதிகிறேன். அது ரகசியம். அப்படியானால் ஆதரவுச் சேவை வாங்குங்கள், கேள்வி கேட்கும் உரிமை வரும். "இலவசம் என்றுதானே அம்மா போட்டோம்?" பேச்சு அங்கே நின்றது. கணினிக்கூடத்துக்குக் குளிர்சாதனம் போட்டவருக்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கொடுக்கிறார்கள். அதை ரசீதோடு கல்லூரிக் கோப்பில் வைப்பதற்கு என் கடையில்தான் நகல் எடுத்தார்கள்.

நான் கொடுப்பது ஆண்டுக்கு ஐந்நூறு ரூபாய் நன்கொடை. நகல் எந்திரத்தின் ஒரு மந்தமான நாளின் வரும்படி. அதோடு கொஞ்சம் மொழிபெயர்ப்பு, ஒழுங்காக எழுதிய ஆறு பிழை அறிக்கைகள். ஆறில் இரண்டு சரியாயின, ஒன்று இன்னும் திறந்து கிடக்கிறது, மூன்று என் தவறு. இதற்கு மேல் அவர்களிடம் எதிர்பார்க்க எனக்கு வாயில்லை. அவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: அடுத்த முறை பெயரை மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வாங்கலாமா என்றால், விலையில்லை, எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள், பிப்ரவரியை ஒட்டி ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. 2024 முதல் பதிப்பு எண்ணே ஆண்டும் மாதமும்தான், 24.2, 24.8 என்று. கடை நடத்துபவர்கள் வெளிவந்த அன்றே தாவ வேண்டாம். இரண்டு மூன்று திருத்தங்கள் வரட்டும். இரண்டு எழுத்துரு விஷயத்தை முதல் நாளே சரிசெய்துகொள்ளுங்கள். ஆய்வேடு, மலர், கடிதம், கணக்கு எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அச்சகத்துக்கு வண்ணக் கோப்பு கொடுப்பவர்கள் வேறு இடம் பாருங்கள்.

என் கடைக்கு ஆய்வேடு கொண்டுவருபவர்களுக்கு மட்டும் ஒரு விண்ணப்பம். 'ஸ்ரீ'யை எந்த விசைப்பலகையில் அடித்தீர்கள் என்று வாசலிலேயே கேட்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.